மாடிப்படி வரைகிற பிளான்

ஒரு ஃபிளாட்டின் பிளானைக் கையில் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் முதலில் ஹாலைத் தேடுவார்கள், அப்புறம் பெட்ரூம் எத்தனை என்று எண்ணுவார்கள். என் கண் மட்டும் மாடிப்படிக்குத்தான் போகும். படி எங்கே இருக்கிறது, ஒன்றா இரண்டா என்று தெரிந்துவிட்டால் மீதிப் பிளானில் பாதியைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். எந்த வீட்டுக்கு இரண்டு பக்கம் ஜன்னல் வரும், எந்த வீடு ஒரே பக்கம் மூச்சு விடும், மூன்று பெட்ரூம் தேறுமா, ஒன்றோடு நின்றுவிடுமா, எல்லாம் அந்தப் படியில் அடங்கிக் கிடக்கிறது. அந்தப் படியை அங்கே வைத்தது பெரும்பாலும் ஆர்கிடெக்ட் இல்லை, கட்டட விதி.

வீடு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதிப் புத்தகமும் படம் போட்டுக் காட்டுவதில்லை. அது கேட்பதெல்லாம் வேறு. தீப்பிடித்தால் எத்தனை வழியில் வெளியேறலாம்? எத்தனை மாடிக்கு மேல் லிஃப்ட்? ஒரு காருக்கு எவ்வளவு இடம்? பக்கத்து மனையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி? இந்த எண்களை எல்லாம் ஒரே மனையின் மேல் வைத்துப் பார்த்தால், நடுவில் மிஞ்சுகிற வடிவம்தான் கட்டடம். பெரிய மனை என்றால் எண்களுக்கு நடுவே அசைந்து கொடுக்க இடமிருக்கும். நாலைந்து தளம், தளத்துக்கு நாலு வீடு என்கிற அளவில் அந்த அசைவு கிடையாது.

ஒரு மனை, இரண்டு கணக்கு

பேச்சாகச் சொல்வதைவிட ஒரு மனையை எடுத்துப் போட்டுப் பார்த்துவிடலாம். 15 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளம். பக்கவாட்டில் 2 மீட்டரும் முன்னும் பின்னும் 3 மீட்டரும் விட்டுவிட்டால், கட்ட மிஞ்சுவது 11-க்கு 24. ஒரு தளத்துக்கு 264 சதுர மீட்டர்.

முதலில் ஒரே படிக்கட்டு. நடுவில் ஒரு படி, அதற்கு 14 சதுர மீட்டர். லிஃப்டுக்கு 4. வாசல்கள் திறக்கிற மேடைக்கு 7. ஆக 25 சதுர மீட்டர், அதாவது தளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. நாலு வீடும் நாலு மூலையில் உட்கார்ந்துவிடும். மூலை வீடு என்றால் இரண்டு பக்கம் வெளிச்சுவர். ஒரு பக்கம் வரும் காற்று இன்னொரு பக்கம் போகும். படியில் ஏறி நின்றால் நாலு கதவும் எதிரிலேயே இருக்கும். காரிடார் என்ற ஒன்றே வேண்டாம்.

இப்போது விதி, "இரண்டு படிக்கட்டு, ஒன்றுக்கொன்று தள்ளி" என்கிறது. படிகள் இரண்டு முனைக்கும் போகும். எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் இரண்டு படிக்கும் போக முடிய வேண்டும் என்பதால் நடுவில் ஒரு காரிடார் ஓடியாக வேண்டும். படிகளுக்கு 28 சதுர மீட்டர், லிஃப்டுக்கு 4, ஒன்றரை மீட்டர் அகலத்தில் 20 மீட்டர் காரிடாருக்கு 30. மொத்தம் 62. கால் பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் 37 சதுர மீட்டர். ஒரு ஆள் தாராளமாக வாழக்கூடிய ஒரு சின்ன வீடு அது, ஒவ்வொரு தளத்திலும் காணாமல் போகிறது.

பரப்பளவு போவதுகூடப் பெரிதில்லை. 11 மீட்டர் அகலத்தை ஒன்றரை மீட்டர் காரிடார் நடுவே பிளந்தால் இரு பக்கமும் மிஞ்சுவது 4.75 மீட்டர். முனைகளைப் படிகள் எடுத்துக்கொண்டதால் மூலை வீடுகளும் கெட்டுப்போகின்றன. ஹோட்டல் மாதிரி காரிடாரின் இரு பக்கமும் வரிசையாக வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஜன்னல் ஒரே பக்கம். பெட்ரூமுக்கு ஜன்னல் கட்டாயம் என்பது கிட்டத்தட்ட எல்லா ஊர் விதியிலும் உண்டு. ஒரே ஒரு வெளிச்சுவர் உள்ள வீட்டில் இரண்டாவது, மூன்றாவது பெட்ரூம் வேண்டுமென்றால் சுவரை நீட்டிக்கொண்டே போக வேண்டும், அதற்கு ஏற்ப காரிடாரும் நீளும். அதனால் பில்டர் ஒற்றைப் பெட்ரூமோடு நிறுத்திக்கொள்கிறார். குடும்பங்களுக்கு வீடு கட்ட யாருமே வரமாட்டேன் என்கிறார்கள் என்று அலுத்துக்கொள்ளும் நகரங்கள், தங்கள் விதிப் புத்தகத்தில் படிக்கட்டு என்ற தலைப்பை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

இதே விதியை 20-க்கு 60 மீட்டர் கட்டடத்தில் வைத்தால் கதை வேறு. இரண்டு படி, இரண்டு லிஃப்ட், நீளமான காரிடார் எல்லாம் சேர்ந்தும் தளத்தில் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் வரும். ஒரே விதி பெரிய கட்டடத்தை லேசாகத் தட்டுகிறது, சின்னதைத் தூக்கிப் போடுகிறது. கடைசியில் யாரும் சின்ன மனையில் கட்டுவதில்லை. மூன்று நாலு மனையைச் சேர்த்து வாங்கித்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் நீள நீளமான கட்டடங்களைப் பார்த்து அழகுணர்ச்சி இல்லாதவர்கள் என்று ஆர்கிடெக்டைத் திட்டுவோம். அவரும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்.

புகையும் ஏணியும்

இரண்டு படி கேட்பதற்கு நியாயம் இருக்கிறது. தீ விபத்தில் நெருப்பைவிடப் புகைதான் அதிகம் பேரைக் கொல்கிறது. மாடிப்படி என்பது உயரமான ஒரு குழாய். கீழே ஏதோ ஒரு வீட்டில் தீப்பிடித்து, ஓடி வந்தவர் கதவைச் சாத்தாமல் விட்டால், புகை அந்தக் குழாயில் ஏறி மேலே உள்ள எல்லோருக்கும் வழியை அடைத்துவிடும். 1860 பிப்ரவரியில் நியூயார்க்கின் எல்ம் தெருக் குடியிருப்பில் இதுதான் நடந்தது. இருந்த ஒரே மரப்படி எரிந்துபோக, மேல் தளங்களில் பெண்களும் குழந்தைகளும் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆண்டே சட்டம் வந்தது. படியைத் தீப்பிடிக்காததாகக் கட்டு, இல்லையென்றால் வெளியே தப்பிக்க வழி வை என்றது அது. நியூயார்க் கட்டடங்களின் முகப்பில் தொங்கும் இரும்புப் படிகள் இப்படித் தொடங்கியவை.

அமெரிக்கா இந்த வழியிலேயே போய், 'இரண்டு படி' என்பதைப் பழக்கமாக்கிக்கொண்டது. அங்கே பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் மாதிரி விதியில், தீப்பிடித்தால் தானே தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்லர் இருந்து, தளத்துக்கு 4 வீட்டுக்கு மிகாமல் இருந்தால் 3 தளம் வரை ஒரே படி போதும். நாலாவது தளம் வந்தால் இரண்டு. கனடாவின் தேசிய மாதிரி விதி இன்னும் கறார்: 2 தளத்தோடு சரி.

ஜெர்மனி வேறு மாதிரி யோசித்தது. அங்கேயும் ஒவ்வொரு வீட்டுக்கும் தப்பிக்க இரண்டு வழி கட்டாயம்தான். ஆனால் இரண்டாவது வழி படியாக இருக்க வேண்டியதில்லை, தீயணைப்புத் துறையின் ஏணியாக இருக்கலாம். அதனால் விதி படியை விட்டுவிட்டு ஜன்னலை அளக்கிறது. ஆள் வெளியேறக்கூடிய ஜன்னல் குறைந்தது 90 சென்டிமீட்டருக்கு 1.20 மீட்டர் இருக்க வேண்டும், அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து 1.20 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. 8 மீட்டர் உயரம் வரை கையில் தூக்கிவரும் ஏணி போதும். அதற்கு மேல் வண்டியில் பொருத்திய ஏணி எட்டும் வரை. அந்த ஏணி சுமார் 23 மீட்டர் எட்டும். ஜெர்மன் விதியில் ஒரு கட்டடம் 'உயர் கட்டடம்' ஆகும் எல்லை, கடைசித் தளத்தின் தரைமட்டம் 22 மீட்டரைத் தாண்டும்போது. ஏணியின் நீளம்தான் ஊரின் உயரத்தை எழுதியிருக்கிறது.

பெர்லினில் இது இன்னும் பழைய கதை. அங்கே 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய வாடகைக் குடியிருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்முற்றங்கள் கொண்டவை. 1853-ஆம் ஆண்டு விதி அந்த முற்றத்துக்குக் குறைந்த அளவு வைத்தது: 5.34 மீட்டருக்கு 5.34 மீட்டர். இந்த விசித்திர எண் எங்கிருந்து வந்தது? தீயணைப்பு பம்ப் வண்டி உள்ளே போய்த் திரும்ப அவ்வளவு இடம் தேவைப்பட்டது. வெளிச்சத்தைப் பற்றியோ காற்றைப் பற்றியோ அதில் பேச்சே இல்லை. வண்டி திரும்பினால் போதும் என்றார்கள், வண்டி திரும்பும் அளவுக்கே இருட்டு முற்றங்களைக் கட்டித் தள்ளினார்கள்.

28 அங்குல வெளிச்சம்

விதி ஒன்று கேட்கும், கட்டுகிறவர் எழுத்துக்கு எழுத்து அதைக் கொடுப்பார், கேட்டது மட்டும் கிடைக்காது. இதற்கு நியூயார்க்கின் 1879-ஆம் ஆண்டுச் சட்டத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதற்கு முன் அங்கே தொழிலாளர் குடியிருப்புகளில் முன்னறைக்கும் பின்னறைக்கும் மட்டும் ஜன்னல்; நடுவில் உள்ள அறைகள் குகை மாதிரி. புதுச் சட்டம் படுக்கை அறைகளுக்கு வெளிக்காற்று வரும் ஜன்னல் வேண்டும் என்றது. மனையோ 25 அடிக்கு 100 அடி. ஏறக்குறைய அதே நேரத்தில் ஒரு பத்திரிகை நடத்திய வடிவமைப்புப் போட்டியில் ஜேம்ஸ் வேர் என்பவர் ஜெயித்தார். கட்டடத்தின் இடுப்பை இரு பக்கமும் கொஞ்சம் ஒடுக்கி, அந்த இடுக்கில் ஜன்னல் வைத்தார். மேலிருந்து பார்த்தால் உடற்பயிற்சிக்குத் தூக்கும் டம்பெல் மாதிரி இருக்கும், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஒடுக்கிய அகலம் சுமார் 28 அங்குலம். பக்கத்துக் கட்டடமும் அதே அளவு ஒடுக்கினால் இரண்டும் சேர்ந்து, ஐந்தாறு மாடி ஆழத்துக்கு ஒரு சந்து.

சட்டப்படி எல்லா அறைக்கும் ஜன்னல் வந்துவிட்டது. திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல் கையெட்டும் தூரத்தில். வெளிச்சம் மேல் தளத்தோடு சரி. சந்தின் அடியில் குப்பை. அந்த நாற்றத்துக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வைத்தார்கள். தீப்பிடித்தபோது அதே சந்து புகைபோக்கி மாதிரி வேலை செய்து, நெருப்பைத் தளம் தளமாக மேலே ஏற்றியது.

1901-இல் வந்த சட்டம் பாடம் கற்றுக்கொண்டு எழுதப்பட்டது. இடுக்குச் சந்து போய் முற்றம் வந்தது, அதற்குக் குறைந்தபட்ச அளவு வந்தது, சாதாரண மனையில் 70 சதவீதத்துக்கு மேல் கட்டக் கூடாது என்றும் ஆனது. 25 அடி மனையில் இதை எல்லாம் விட்டுக் கட்டினால் கட்டுபடியாகாது. மனைகளை இணைத்து அகலமாகக் கட்டத் தொடங்கினார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் சின்ன மனையில் கட்டும் சின்ன ஆளை ஆட்டத்திலிருந்து வெளியேற்றியதும் அதுதான்.

இன்றைய அமெரிக்க மாதிரி விதி, இயற்கை வெளிச்சத்துக்கு அறையின் தரைப்பரப்பில் 8 சதவீதம் ஜன்னல் கேட்கிறது. 10 சதுர மீட்டர் அறைக்கு 0.8 சதுர மீட்டர். ஜன்னல் எதைப் பார்த்துத் திறக்கிறது என்பதை 1879 சொல்லாமல் விட்டதால்தான் இப்போதைய விதிகள் முற்றத்தின் அகலத்தையும் சேர்த்தே கேட்கின்றன. ஓ.டி.எஸ். (ஓப்பன் டு ஸ்கை) என்று பிளானில் மூன்று எழுத்துப் பெட்டியாகத் தெரியும் அந்தத் திறந்தவெளிக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

கோட்டுக்குக் கீழே நிற்பது

விதிகளில் 'இந்த அளவைத் தாண்டினால்' என்று வரும் இடங்களைக் கவனிக்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு ஒரு அடி கீழேதான் கட்டடங்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும். சோவியத் நாட்டில் 1950-களின் கடைசியிலிருந்து கட்டிக் குவித்த குருஷ்சேவ் காலக் குடியிருப்புகள் பெரும்பாலும் ஐந்து தளம். ஏன் ஐந்து? லிஃப்ட் இல்லாமல் அனுமதிக்கப்பட்ட உச்சம் அது. ஜெர்மன் மாதிரி விதியில் கடைசித் தளம் 13 மீட்டரைத் தாண்டினால் லிஃப்ட்.

அமெரிக்காவில் கோடு உயரத்தில் மட்டும் இல்லை, வீடுகளின் எண்ணிக்கையிலும் இருக்கிறது. ஒரு வீடு, இரட்டை வீடு வரை எளிய குடியிருப்பு விதி. மூன்றாவது வீட்டைச் சேர்த்த நிமிடம், ஆபீஸ் கட்டடத்துக்கும் மாலுக்கும் எழுதிய விதிப் புத்தகத்துக்குள் போய்விடுகிறீர்கள். ஸ்பிரிங்க்லர் வரும், தடிமனான தடுப்புச் சுவர் வரும், கையெழுத்துப் போட வேண்டிய இன்ஜினியர்களும் கூடுவார்கள். ஒரு வீட்டைக் கூட்டுவதற்கான செலவை அந்த ஒரு வீட்டின் மேலேயே ஏற்ற வேண்டும் என்றால் யார் கட்டுவார்? மெம்பிஸ் நகரம் இதைப் பார்த்துத்தான் ஆறு வீடு வரை எளிய விதியிலேயே கட்டலாம் என்று தன் விதியைத் திருத்தியது.

லிஃப்டிலும் இதே வம்பு. ஐரோப்பாவில் சின்னக் குடியிருப்புகளில் வழக்கமான கூண்டு 1.1 மீட்டருக்கு 1.4 மீட்டர், சக்கர நாற்காலியும் கூட ஒருவரும் போகலாம். அமெரிக்க விதியில் நாலு தளம் ஆனால், 84 அங்குல ஸ்ட்ரெச்சர் படுத்த வாக்கில் நுழைகிற அளவு கூண்டு வேண்டும். கேட்டால் நியாயம்தான், யார் மறுப்பார்? ஆனால் விலைக்குப் பயந்து லிஃப்டே வைக்காமல் மூன்று தளத்தோடு நிறுத்திய கட்டடத்தில், மூன்றாவது தளத்துப் பாட்டிக்குச் சின்ன லிஃப்டும் கிடையாது.

கணக்கில் சேராத இடம் வீங்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பாரிஸில் 1859-ஆம் ஆண்டு ஆணை, அகலமான தெருக்களில் சுவரின் உயரத்தை 20 மீட்டரில் நிறுத்தி, கூரையை 45 பாகைச் சாய்வுக்குள் வைக்கச் சொன்னது. அந்தச் சாய்வுக்குள் எவ்வளவு அறை திணிக்கலாமோ அவ்வளவு திணித்ததில் பிறந்ததுதான் இன்று போஸ்ட்கார்டில் வரும் பாரிஸ் கூரைக்காடு. தென்கொரியாவில் ஒன்றரை மீட்டர் வரை பால்கனி தளப்பரப்புக் கணக்கில் வராது. எல்லோரும் அதை அடைத்து அறையாக்கிக்கொண்டார்கள். 2005-இல் அரசே போனால் போகிறது என்று அதைச் சட்டபூர்வமாக்கியது.

கார் முடிவு செய்யும் வீடு

நம் 15-க்கு 30 மனைக்குத் திரும்பலாம். வீட்டுக்கு ஒரு கார் என்று விதி கேட்கிறது என்று வையுங்கள். கார் நிற்கும் இடம் 2.5-க்கு 5 மீட்டர்தான், 12.5 சதுர மீட்டர். ஆனால் அதை உள்ளே கொண்டுவரவும் திருப்பவும் வழி விட்டால் காருக்கு 25 முதல் 30 ஆகிவிடும். படியும் லிஃப்டும் போகத் தரைத்தளம் முழுவதையும் பார்க்கிங்குக்குக் கொடுத்தாலும் எட்டு ஒன்பது கார்தான். மேலே நாலு தளம், தளத்துக்கு நாலு என்று 16 வீடு கட்ட முடியும். கார் எட்டோடு நிற்கிறது. சரி, பேஸ்மென்ட் தோண்டலாமே? 3 மீட்டர் கீழே இறங்க, எட்டுக்கு ஒன்று சரிவில், 24 மீட்டர் ராம்ப் வேண்டும். கட்டடத்தின் மொத்த நீளமே 24 மீட்டர். ராம்ப் போக, கார் நிறுத்த இடமிருக்காது.

ஆக 16 வீடு 8 வீடாகிறது. இடம் இருப்பதால் ஒவ்வொன்றும் இரு மடங்கு பெரிதாகிறது, விலையும் கூடவே போகிறது. சின்ன வீடு தேடி வந்தவருக்கு அந்தத் தெருவில் இடமில்லாமல் போனதற்குக் காரணம், கார் திரும்பும் வட்டம்.

கார் இன்னொரு வேலையும் செய்கிறது. தூண்களை அது விரும்பிய இடத்தில் வைக்கச் சொல்கிறது. இரண்டு தூணுக்கு நடுவே இரண்டு கார் என்றால் 5 மீட்டருக்கு மேல் இடைவெளி. அந்தத் தூண் அப்படியே மேலே போய் யாரோ ஒருவர் பெட்ரூமில், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே முளைக்கும். மேலே செங்கல் சுவர்களால் விறைப்பாக நிற்கும் மாடிகள், கீழே சுவரே இல்லாமல் வெறும் தூண்கள். நிலம் ஆடினால், ஆட்டம் முழுவதும் அந்த ஒரு தளத்திலேயே விழும்.

லாஸ் ஏஞ்சல்ஸில் 1950-களிலும் 60-களிலும் இப்படி ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். கீழே கார், மேலே இரண்டு தளம் வீடு. 'டிங்பேட்' என்று அவற்றுக்குச் செல்லப்பெயர். 1994 ஜனவரி 17 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில், கீழே கார் நிறுத்தும் திறப்புகள் கொண்ட மூன்று தளக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளம் நசுங்கி 16 பேர் இறந்தார்கள். 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகள் பலவற்றின் கீழ்த்தளமும் திறந்த பார்க்கிங்தான். அடுத்த ஆண்டு திருத்தப்பட்ட இந்திய நிலநடுக்கத் தரநிலை, அப்படிப்பட்ட தளத்தின் தூண்களையும் உத்தரங்களையும் கணக்கிட்ட விசையைப்போல் இரண்டரை மடங்குக்கு வடிவமைக்கச் சொன்னது. ஒரு விதி திறந்துவிட்ட தளத்தை இன்னொரு விதி ஓடிவந்து தாங்கிப் பிடிக்கிறது. சான் பிரான்சிஸ்கோ 2013-லும் லாஸ் ஏஞ்சல்ஸ் 2015-லும் பழைய கட்டடங்களின் அந்தத் தளத்தை வலுப்படுத்துவதைக் கட்டாயமாக்கின.

இரண்டு திசையில் நடக்கும் திருத்தம்

படிக்கட்டுக்கே திரும்பி வந்து முடிக்கலாம், ஏனென்றால் இப்போது சூடு அங்கேதான். சியாட்டில் நகரம் 1970-களிலிருந்தே, தளத்துக்கு நாலு வீடு, ஸ்பிரிங்க்லர் முதலிய நிபந்தனைகளோடு ஆறு தளம் வரை ஒரே படியை அனுமதிக்கிறது. நியூயார்க்கிலும் தளம் 2,000 சதுர அடிக்குள் இருந்தால் ஆறு வரை போகலாம். இந்த இரண்டு நகரங்களின் ஒற்றைப்படிக் கட்டடங்களை ஆராய்ந்து அமெரிக்க ஆய்வு அமைப்பான பியூ அறக்கட்டளை 2025-இல் வெளியிட்ட அறிக்கை, அவற்றில் தீ மரண விகிதம் மற்ற குடியிருப்புகளைவிட அதிகமில்லை என்றது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2024-இல் ஆறு தளம் வரை ஒரே படியை அனுமதித்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலமும் அதே ஆண்டு தன் நகரங்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. தீயணைப்பு வீரர்களின் சங்கங்கள் எதிர்க்கின்றன. அவர்கள் சொல்வதும் லேசாகத் தள்ளக்கூடியதில்லை: தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு நாங்கள் ஏறும் அதே படியில்தான் மக்கள் இறங்க வேண்டும், கதவைத் திறந்து வைத்துத்தான் குழாயை உள்ளே கொண்டுபோக முடியும் என்கிறார்கள்.

இங்கிலாந்து எதிர்த்திசையில் போகிறது. 2017 ஜூனில் லண்டன் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்தார்கள். 24 தளம், ஒரே படி. தீ பரவக் காரணம் வெளிச்சுவரில் ஒட்டிய எரியும் தகடுகள். ஆனால் புகை நிரம்பிய அந்த ஒற்றைப் படியையும் யாராலும் மறக்க முடியவில்லை. 2026 செப்டம்பர் 30 முதல் அங்கே 18 மீட்டரோ அதற்கு மேலோ உள்ள புதிய குடியிருப்புகளுக்கு இரண்டாவது படி வேண்டும்.

தளத்துக்கு 3 மீட்டர் என்று எண்ணிப் பார்த்தால் ஆறாவது தளத்தின் தரை 15 மீட்டரில் வருகிறது, ஏழாவதின் தரை 18-இல். தளர்த்துகிறவர்கள் ஆறில் நிற்கிறார்கள், இறுக்குகிறவர்கள் ஏழில் தொடங்குகிறார்கள். ஜெர்மன் வண்டியின் ஏணி இதற்கு ஒரு தளம் மேலே, எட்டாவதின் ஜன்னல் வரை போய் நிற்கிறது.